சீசன் முடியட்டும்

ஆல்வின் கோவாரிக்கின் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பிப்ரவரியில் பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து மே மாதம் கடைசி ஆட்டம் முடியும்வரை அந்த வீட்டுக்குள் கெட்ட செய்தி வரக் கூடாது. குழாய் ஒழுகினாலும் சரி, மச்சினனுக்கு வேலை போனாலும் சரி, சீசன் முடிந்த பிறகுதான் சொல்ல வேண்டும். என் நாய் செத்ததை நான் எட்டு வாரம் கழித்துத்தான் அவனிடம் சொன்னேன். அந்த எட்டு வாரமும் தினமும் வேலியோரம் வந்து, "எங்கடா அந்தக் கிழடு, சத்தமே காணோம்?" என்று கேட்பான். "பின்னால படுத்திருக்கு" என்பேன். பின்னால்தான் படுத்திருந்தது, மூன்றடி ஆழத்தில்.

நான் அவன் பக்கத்து வீட்டுக்காரன், டெல்மர். குளிர்காலத்தில் கவுன்டி நிர்வாகத்துக்காகச் சாலையில் பனி தள்ளுகிற வண்டி ஓட்டுவேன். பனி விட்டதும் கல்லூரி பேஸ்பால் அணியின் பஸ் என் கைக்கு வரும். இருபத்தேழு வருஷமாக அந்தப் பஸ்ஸில் எனக்குப் பின்னால் முதல் இருக்கையில் ஆல்வின்தான் உட்கார்ந்திருப்பான். அவன் கொட்டாவி விடும் சத்தத்தை வைத்தே ஜெயித்தோமா தோற்றோமா என்று சொல்லிவிடுவேன்.

எங்கள் கல்லூரி சின்னது. பெரிய கல்லூரி கோச்சுகளுக்கு மைதானம் பார்க்க ஆள் உண்டு, துணி துவைக்க ஆள் உண்டு. ஆல்வினுக்கு அவனும் பெண்டாட்டி லெனோராவும்தான். அவன் வந்த வருஷம் மைதானம் மக்காச்சோளக் கட்டை நின்ற நிலமாக இருந்தது. களிமண்ணை லாரியில் கொண்டுவந்து கொட்டி, பந்து வீசுகிறவன் நிற்கும் மேட்டைக் கைத்திமிசால் இடித்து இடித்து எழுப்பினான். மழை பெய்தால் மற்ற ஊர்க்காரன் ஆட்டத்தைத் தள்ளிவைப்பான். இவன் காபி டப்பாவும் பஞ்சும் எடுத்துக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்து, தேங்கிய தண்ணீரை டப்பா டப்பாவாக மொண்டு வாளியில் ஊற்றுவான். அவனுடைய அரைக்கால் சட்டைக்குக் கீழே இரண்டு முழங்காலும் எப்போதும் செங்கல் நிறத்தில் இருக்கும். தேவாலயத்துக்கு வரும்போதும் அப்படித்தான் இருக்கும் என்று லெனோரா சத்தியம் செய்வாள்.

முப்பது சட்டை, முப்பது கால்சட்டை. வீட்டின் நிலவறையில் இரண்டு துவைக்கும் இயந்திரம் வைத்து லெனோரா துவைப்பாள். புல்கறைக்கு மஞ்சள் கட்டி சோப்பு, களிமண் கறைக்குக் கைத் தேய்ப்புதான். பகலில் கல்லூரித் தலைவரின் அலுவலகத்தில் தட்டச்சு, சாயங்காலம் இந்தத் துவையல். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வருகிறவர்களில் பாதிரியாரைத் தவிர எல்லோருடைய கால்சட்டை அளவும் தனக்குத் தெரியும் என்று சொல்லிச் சிரிப்பாள்.

கெட்ட செய்தி கூடாது என்ற சட்டத்துக்கு ஒரு காரணம் உண்டு. பேஸ்பாலில் ஒரு வழக்கம். பந்து வீசுகிறவன் ஒருவன், எதிரணியில் ஒருத்தனையும் அடிக்கவிடாமல் ஆட்டத்தைக் கொண்டுபோகிற நாள் எப்போதாவது வரும். அன்றைக்கு அவன் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தால் யாரும் அவனோடு பேச மாட்டார்கள். பக்கத்தில்கூட உட்கார மாட்டார்கள். எல்லோருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் காரியம் கெட்டுவிடும். ஆல்வின் இந்த வழக்கத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான்.

பதினோரு வருஷத்துக்கு முன் ஏப்ரலில் அவன் அண்ணன் லியோனார்டு டிராக்டர் கவிழ்ந்து செத்தான். அன்றைக்கு அடுத்தடுத்து இரண்டு ஆட்டம். முதல் ஆட்டம் ஜெயித்து, எல்லோரும் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த இடைவேளையில் லெனோரா வந்து சொன்னாள். ஆல்வின் இரண்டாவது ஆட்டம் முழுவதும் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தோற்றோம். பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று அவளிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். "ஒரு மூணு மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா லெனோரா? செத்தவன் எங்க போயிடப்போறான்?" அவள் அழுக்குச் சட்டை மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் அதை மறக்கவே இல்லை என்பது எனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது.

இந்த வருஷம் பிப்ரவரியில் கல்லூரி நிர்வாகக் குழு கூடி ஒரு முடிவு எடுத்தது. இந்த சீசனோடு பேஸ்பால் அணி கிடையாது. மைதானம் இருக்கும் இடத்தில் நர்ஸிங் படிப்புக்குக் கட்டடம். அந்தத் தீர்மானத்தைத் தட்டச்சு செய்தவள் லெனோரா. மே மாதம் நாங்களே அறிவிக்கிறோம், அதுவரை வாய் திறக்காதே என்று தலைவர் அவளிடம் சொல்லியிருக்கிறார்.

எங்கள் ஊரில் ரகசியம் எத்தனை நாள் தாங்கும்? தானியக் கிடங்கில் காலையில் காபி குடிக்கிற ஆட்களுக்கு மார்ச் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. குழுவில் இருந்த ஒருத்தன் பெண்டாட்டியிடம் சொல்ல, அவள் முடிவெட்டும் இடத்தில் சொல்ல, அப்படியே. எனக்கும் அங்கேதான் தெரிந்தது. நான் நேராக லெனோராவின் நிலவறைக்குப் போனேன்.

"நெஜமா?"

அவள் ஒரு கால்சட்டையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "நெஜம்தான்."

"அவனுக்கு?"

"சீசன் முடியட்டும் டெல்மர். கடைசி சீசன். நிம்மதியா ஆடிட்டுப் போகட்டும். நீ வாயத் தொறந்த, அப்புறம் இந்த வீட்டு வாசப்படி மிதிக்காத."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ரொம்ப நியாயமாகப் பட்டது. ஊர் மொத்தமும் அப்படியே நினைத்தது. கடைக்காரன், முடிவெட்டுகிறவன், பாதிரியார், எல்லோரும் ஆல்வினைப் பார்த்தால் பருவநிலையைப் பற்றிப் பேசினார்கள். அவன் அணியும் இந்த வருஷம் பார்த்து நன்றாக ஆடியது.

நாங்கள் மறந்தது ஒன்று உண்டு. சீசன் நடக்கும்போதுதான் அடுத்த வருஷத்துக்கு ஆள் பிடிக்க வேண்டும். எங்கள் மாதிரிச் சின்னக் கல்லூரிக்கு நல்ல ஆட்டக்காரன் தானாக வர மாட்டான். கோச் அவன் வீட்டுக்குப் போய், சமையலறை மேசையில் உட்கார்ந்து, அவனைப் பெற்றவளிடம் வாக்குக் கொடுக்க வேண்டும். ஆல்வினின் தொழிலில் பாதி அந்த மேசைகளில்தான் நடந்தது. இருபத்தேழு வருஷத்தில் ஒரு தாய்கூட, அந்த ஆள் சொன்னபடி நடக்கவில்லை என்று சொன்னது கிடையாது.

ஏப்ரல் நடுவில் ஒரு நாள் என் பிக்கப் வண்டியில் தொண்ணூறு மைல் போனோம். வடகிழக்கில் மாட்டிறைச்சித் தொழிற்சாலை இருக்கிற ஊர். ஊருக்குள் நுழையும் முன்பே வாசனை வந்துவிடும். வயல்களில் டிராக்டரில் டிஸ்க் கலப்பை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். காற்று மண்ணை அள்ளிக் கண்ணாடியில் அடித்தது. லெனோரா ஹாம் வைத்து நான்கு சாண்ட்விச் கட்டிக் கொடுத்திருந்தாள்.

ஒஃபேலியா ரெந்தெரியா அந்தத் தொழிற்சாலையில் மாட்டுத் தோள்கறி வெட்டும் வரிசையில் வேலை செய்கிறவள். வலது மணிக்கட்டில் எப்போதும் கட்டு. அவள் மகன் இஸ்மாயேல், பள்ளிக்கூட அணியில் பந்தைப் பிடிக்கிறவன். கான்சாஸில் ஒரு கல்லூரி அவனுக்கு இடம் தருவதாகச் சொல்லி, மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருந்தது. மகன் பள்ளிக்கூட ஆட்டத்துக்குப் போயிருந்தான். அவள் எங்களுக்குப் மக்காச்சோள மாவில் பன்றிக்கறி வைத்து அவித்த தமாலே சுடச்சுட எடுத்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"கோச், எனக்கு இந்த ஆட்டம் எல்லாம் தெரியாது. மாடு வெட்டத்தான் தெரியும். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என் பையன் உங்ககிட்ட வந்தா பட்டத்தோட திரும்புவானா, முட்டி ஒடஞ்சு திரும்புவானா?"

"பட்டத்தோட வருவான்மா. முட்டி ஒடஞ்சாலும் பட்டத்தோடதான் வருவான்."

"நாலு வருஷமும் உங்க அணி இருக்குமா? அங்கங்க காலேஜுல அணிய மூடுறாங்கன்னு எங்க வரிசையில பேசிக்கிறாங்க. கான்சாஸ்காரங்க பெரிய காலேஜு. அவங்க மூட மாட்டாங்க."

ஆல்வின் வாய்விட்டுச் சிரித்தான். "அம்மா, என் பொண்டாட்டி எங்க காலேஜு தலைவர் ஆபீஸ்லதான் வேலை பாக்குறா. அங்க ஒரு பேனா கீழ விழுந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்குள்ள எனக்குத் தெரிஞ்சிரும். நாலு வருஷம். இது என் வார்த்தை."

என் வாயில் இருந்த தமாலே உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. ஒஃபேலியா என்னைப் பார்த்து, "காரமா? பால் தரட்டுமா?" என்று கேட்டாள். பால் வாங்கிக் குடித்தேன்.

திரும்பி வரும்போது தொண்ணூறு மைல். மைலுக்கு ஒரு வார்த்தை என்று சொல்லியிருந்தாலும் விஷயத்தை முழுக்கச் சொல்லி முடித்திருக்கலாம். ஆல்வின் இரண்டாவது சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டே, "போன வருஷ ஆட்டத்துல அந்தப் பையனோட கை பாத்தியா டெல்மர்? பந்து உள்ள போனா சத்தமே வராது" என்றான். சீசன் முடியட்டும் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த ஏப்ரலில் அவன் ஏழு மேசைகளில் வாக்குக் கொடுத்தான்.

கடைசி ஆட்டம் மே மாதம் ஒரு சனிக்கிழமை. கல்லூரித் தலைவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து ஒரு துணியை இழுத்தார். உள்ளே பெரிய பலகை. கோவாரிக் மைதானம். ஊரே எழுந்து நின்று கை தட்டியது. தட்டிய எல்லோருக்கும் அந்தப் பலகைக்கு ஆயுள் எவ்வளவு என்று தெரியும். ஆல்வின் மட்டும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். லெனோராவும் அழுதாள்.

மறுநாள் தேவாலயம் முடிந்ததும் சொல்லிவிடுவதாக அவள் திட்டம். கசகசா வைத்துக் கொலாச்சி என்கிற இனிப்பு ரொட்டி சுட்டு வைத்தாள். ஆல்வின் ஐந்து தின்றுவிட்டு, அந்தப் பலகைக்கு விளக்குப் போட்டால் எப்படி இருக்கும் என்று பேசிக்கொண்டே நாற்காலியில் தூங்கிப்போனான். எழுப்பிச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. நாளை சாயங்காலம் சொல்லலாம் என்று தள்ளினாள்.

திங்கட்கிழமை காலை நான் மைதானத்தை ஒட்டி பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். நிலம் அளக்கிறவர்கள் வந்து இறங்கினார்கள். ஒரு பெண், இரண்டு ஆட்கள். புதிதாகப் பார்வையாளர் படிக்கட்டு கட்டித் தரப்போகிறார்கள் என்று ஆல்வின் நினைத்துக்கொண்டான். பேர் வைத்தவர்கள் படிக்கட்டும் வைப்பார்கள்தானே? பிளாஸ்க்கில் இருந்த காபியை அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தான். இளஞ்சிவப்பு நாடா கட்டிய மரக்குச்சிகளை அவனே கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான். ஒரு மணி நேரம் அவர்களுக்குக் கூலியாள் வேலை பார்த்தான். என் கையில் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தப் பெண் நடு மேட்டில் ஒரு குச்சியை வைத்துச் சுத்தியலை ஓங்கினாள்.

"அம்மாடி, அங்க வேணாம்! அது பந்து வீசுற மேடு. அத இடிச்சுக் கெட்டியாக்க எனக்கு ஒரு வசந்தகாலம் பூராவும் ஆகும்."

"இங்கதாங்க ஐயா லிஃப்ட் வருது."

"படிக்கட்டுக்கு எதுக்கு லிஃப்ட்?"

அவள் பாவம், அட்டையில் செருகியிருந்த கடிதத்தை எடுத்து அவனிடம் கொடுத்தாள். கல்லூரித் தலைவர் அலுவலகத்திலிருந்து போன கடிதம். பிப்ரவரி பதினெட்டாம் தேதி. ஆல்வின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தான். அடியில் இடது மூலையில், தட்டச்சு செய்தவரின் முதலெழுத்துகளைச் சின்னதாகப் போடுவது எங்கள் அலுவலகங்களில் பழக்கம். அவன் விரல் அங்கே போய் நின்றது. கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தான். காபிக் கோப்பைகளைப் பொறுக்கிப் பிளாஸ்க்கின் மேல் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். நான் பஸ்ஸில் கிடந்த அழுக்குச் சட்டை மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

லெனோரா அன்று விடுப்பில் இருந்தாள். அடுப்பில் பீன்ஸும் கறியும் போட்ட சில்லிக் குழம்பு கொதித்தது. பக்கத்தில் பட்டைத்தூள் போட்ட இனிப்பு ரோல் வேகிற வாசனை. எங்கள் பக்கம் இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிடுவோம். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னைக்கு சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன் ஆல்வின்."

"பிப்ரவரி பதினெட்டு."

"தலைவர் சொல்லாதன்னாரு. அதுக்காக இல்ல. நீதான சட்டம் போட்ட? லியோனார்டு செத்த அன்னிக்கு என்ன சொன்ன? மூணு மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதான்னு கேட்டியே. இந்தத் தடவ பொறுத்தேன். மூணு மாசம் பொறுத்தேன். ஒவ்வொரு சட்டையத் தேய்க்கும்போதும் செத்து செத்துப் பொழச்சேன்."

"கெட்ட செய்தி சொல்லாதன்னு சொன்னேன். சரி. என்னை ஏழு வீட்டுக்குப் பொய் சொல்ல அனுப்புன்னு சொன்னேனா?"

அந்தப் பக்கத்தை அவள் யோசிக்கவே இல்லை. அவளுக்கு ஆள் பிடிக்கப் போவது என்பது வருஷா வருஷம் அவன் வெளியே போவது, அவ்வளவுதான்.

"நான் எங்க போறேன்னு உனக்குத் தெரியும். அந்தம்மாகிட்ட என்ன சொல்லப்போறேன்னு தெரியும். நீ சாண்ட்விச் கட்டிக் குடுத்த லெனோரா."

"ஆல்வின்..."

"மத்தவன் எவன் சொல்லலன்னாலும் எனக்குக் கவலையில்ல. நீ சாண்ட்விச் கட்டிக் குடுத்த." பிறகு என் பக்கம் திரும்பினான். "நீயே சொல்லு டெல்மர். இது அடுக்குமா?"

நான் சில்லிச் சட்டியைப் பார்த்தேன். லெனோரா என்னைப் பார்த்தாள். நினைத்திருந்தால் அங்கேயே என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அதற்கு அவளுக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லவும் இல்லை.

அன்றிலிருந்து மூன்று நாள் அவன் தொலைபேசியை விடவில்லை. தெரிந்த கோச்சுகளை எல்லாம் கெஞ்சி ஆறு பேருக்கு இடம் பிடித்துவிட்டான். இஸ்மாயேலுக்கு மட்டும் கிடைக்கவில்லை. ஆல்வினின் வார்த்தையை நம்பி அவர்கள் கான்சாஸுக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள், அந்த இடத்துக்கு வேறொருத்தன் வந்துவிட்டான். அவளிடம் நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும் என்றான் ஆல்வின். லெனோரா தானும் வருவேன் என்று பிக்கப்பின் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. போகிற வழியெல்லாம் மக்காச்சோளம் ஒரு விரல் உயரம் முளைத்திருந்தது. மேற்கே இடி மேகம் கட்டி நின்றது.

ஒஃபேலியா கதவைத் திறந்தாள். பத்திரிகையில் ஏற்கெனவே வந்துவிட்டதால் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதே மேசை. மேசைமேல் ஒன்றும் இல்லை, தண்ணீர்கூட இல்லை.

"என் பையன் திங்கக்கெழமையிலிருந்து பிளான்ட்டுக்கு வர்றான் கோச். ரெண்டாவது ஷிஃப்டு. என் பக்கத்து வரிசைதான். கத்தி பிடிக்க நானே சொல்லிக் குடுக்கணும்."

"அம்மா, நான் இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஜனவரிக்குள்ள எப்படியாவது ஒரு எடம்..."

"அதுக்கு நான் அழல. நீங்க இந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு சிரிச்சீங்களே. அதுக்குத்தான் அழுதேன்."

"எனக்குத் தெரியாதும்மா. ஆண்டவன் சத்தியமா எனக்கு அன்னிக்குத் தெரியாது."

"பேனா விழுந்தாலும் தெரியும்னீங்க."

ஆல்வின் தலையைக் குனிந்துகொண்டான். லெனோரா ஓர் அடி முன்னால் வந்தாள். "அவருக்குத் தெரியாதுங்க. டைப் அடிச்சது நான்தான். நான்தான் அவர்கிட்ட மறைச்சேன். தப்பு என்னோடது."

ஒஃபேலியா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அதுதான் கொடுமை. "நல்ல பொண்டாட்டி நீங்க. என் வீட்டுக்காரர் உசுரோட இருந்து இப்படி ஒரு வீட்ல மாட்டிக்கிட்டிருந்தா நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்."

"இல்லைங்க, நெஜமா..."

"விடுங்கம்மா." அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க அன்னிக்கு வந்தவர்தான? பால் வாங்கிக் குடிச்சீங்க. நீங்க அவருக்குப் பொண்டாட்டியும் இல்ல, சொந்தமும் இல்ல. நீங்க சொல்லுங்க. அன்னிக்கு இந்த மேசையில உக்காந்திருந்தப்ப உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

பொய் சொல்லியிருக்க வேண்டும். அது ஒன்றுதான் ஆல்வினைக் காப்பாற்றியிருக்கும் என்று இப்போது தெரிகிறது. ஆனால் அந்த வீட்டில் அவளுக்கு இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தெரியும்" என்றேன்.

"பாத்தீங்களா" என்றாள் ஒஃபேலியா, மெதுவாக. "வண்டி ஓட்டினவருக்கே தெரிஞ்சிருக்கு. பொண்டாட்டிக்குத் தெரிஞ்சிருக்கு. கோச்சுக்கு மட்டும் தெரியாதாம்." எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

ஆல்வின் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். இருபத்தேழு வருஷத்தில் அவன் முகத்தை நான் எல்லா விதமாகவும் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தை அதுவரை பார்த்ததில்லை.

திரும்பும்போது அவன் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டான். லெனோரா முன்னால் என் பக்கத்தில். மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் எல்லைக்கு வந்தபோது மழை விட்டு வெயில் வந்திருந்தது. எங்கள் பக்கம் எதிரே வண்டி வந்தால், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் உயர்த்துவோம். தானியக் கிடங்கு வைத்திருக்கிறவன் லாரியில் எதிரே வந்தான். வண்டியில் யார் என்று பார்த்துவிட்டு விரலை உயர்த்தினான். நானும் உயர்த்தினேன்.

"அவனுக்குத் தெரியுமா?" பின்னாலிருந்து ஆல்வினின் குரல்.

"தெரியும்."

அடுத்து பாதிரியாரின் கார். விரல்.

"இவருக்கு?"

"தெரியும் ஆல்வின்."

இரும்புக் கடைக்காரனின் பிக்கப் வந்தது. வருஷா வருஷம் மேட்டுக்குக் களிமண் மூட்டை வரவழைத்துக் கொடுப்பவன். இந்த வருஷம், ஆர்டரை மே மாதம் போடலாமே, என்ன அவசரம் என்று ஆல்வினிடம் சொன்னவன். அவன் ஒரு விரலுக்குப் பதில் கையையே தூக்கி ஆட்டினான். கண்ணாடியில் நான் பின்னால் பார்த்தேன். ஆல்வின் கேட்கவில்லை. மடியில் இருந்த தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

லெனோரா திரும்பிப் பார்க்கப் போனாள், பார்க்காமல் இருந்துகொண்டாள். எதிரே வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. நான் விரலை உயர்த்திக்கொண்டே ஓட்டினேன்.